பிளேன்டீ நிறத் தண்ணீர்

மே 19, திங்கள்

காலையிலிருந்து தூறல். ரப்பர் தொழிற்சாலையில் ரோலர் மெஷின் பழுது. பதினொரு மணிக்கே வீடு.

மீனை ஏமாற்றும் பொய்ப்பூச்சி, ஃப்ளை, கட்ட உட்கார்ந்தேன். எட்டாம் நம்பர் தூண்டில் முள், சேவல் இறகு, மெழுகு நூல். ஈசல் மாதிரி. இந்த மாதம் லெஹெல்லா மீனுக்கு ஈசல்தான் விருந்து.

மறந்து தொலைக்காமல் இருக்க:
– கழுத்து இறகு மட்டும். மற்ற இறகு தண்ணீர் குடித்து மூழ்கிவிடும்.
– முள்ளின் கண்ணை நூலால் அடைக்காதே. (இன்றும் அடைத்தேன். மடையன்.)
– கடைசி முடிச்சுக்கு ஒரு சொட்டு நெயில் பாலிஷ். சாந்தி அதை ஒளித்து வைக்கும் இடம்: அரிசி டின்னுக்குப் பின்னால். பெண்டாட்டிக்கு நான் கண்டுபிடித்தது இன்னும் தெரியாது.

இறகு அக்கா வீட்டுச் சிவப்புச் சேவலுடையது. மச்சான் பிடித்துக்கொள்ள நான் நாலு பிடுங்கினேன். "சேவலுக்கு மொட்ட போட்டு மீன் புடிக்கிற ஆளு இந்தத் தோட்டத்துலயே நீ ஒருத்தன்தான் மாப்ள" என்றார். சேவலும் அதே அபிப்பிராயம்தான். கை முழுக்கக் கீறல்.

அக்கா மகள் கீர்த்தி பெரியமனுஷியாகி இன்று ஆறாம் நாள். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் ஊற்றும் வரை பின் அறைக் குச்சை விட்டு வெளியே வரக்கூடாது. தாய்மாமன் என்று ஓலை வெட்டிக் குச்சு கட்டியது நான். முன் அறை விருந்தாளிகளுக்கு வேண்டும் என்று பின்சுவரோடு சேர்த்துக் கட்டினேன். பாவம், ஜன்னலுக்கு வெளியே மலையைத் தவிர அவளுக்குப் பார்க்க ஒன்றுமில்லை.

மே 21, புதன்

இரண்டு நாளாகக் கொட்டுகிறது. ஓடை பால் டீ நிறம். என் சட்டம் எளிது: பால் விடாத பிளேன்டீ நிறம் என்றால் போ, பால் டீ நிறம் என்றால் வீட்டில் கிட. கிடந்தேன்.

சாயங்காலம் ஜன்னல் வழியாகக் கீர்த்தி: "மாமா, செவுத்துல கோடு விழுந்துருக்கு. நேத்து இல்ல." போய்ப் பார்த்தேன். குச்சுக்குப் பின்னால், கூரையிலிருந்து இடுப்பு உயரம் வரை. என் நகம் உள்ளே போனது.

ஃப்ளை கட்டும் நூலை வெடிப்புக்குக் குறுக்கே லேசாகத் தொய்வாக வைத்து, இரண்டு நுனியிலும் நெயில் பாலிஷ் வைத்து ஒட்டினேன். "இது விறைச்சா எனக்குச் சொல்லு" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

மே 22, வியாழன்

வேலைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தேன். "விறைச்சிருச்சு மாமா." விரலால் தட்டினேன். மீன் மாட்டிய தங்கூஸ் நூல் போல அதிர்ந்தது.

மச்சான்: "ஈரத்துக்குச் செவுரு ஊதும் மாப்ள. நீயி மீனு புடிச்சுப் புடிச்சு எதப் பாத்தாலும் நூலு, முள்ளுங்கிற."

நாலு மணிக்கு ஒலிபெருக்கி. மண்சரிவு அபாயமாம், மலையடி லயத்து வீடுகளில் இருக்கும் எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லி. முதலில் சிங்களத்தில், பிறகு கொச்சைத் தமிழில். பாதிப் பேர் போனார்கள். அக்கா வரவில்லை.

"தண்ணி ஊத்தாத புள்ளைய ஆம்பளைங்க நடுவுல எப்பிடிடா ஒக்கார வைக்கிறது? ஊரு என்னா சொல்லும்? மூணு நாளு பொறு."

நானும் வற்புறுத்தவில்லை. போன வருஷமும் இப்படித்தான் ஓடினோம். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வந்தால் அக்கா வீட்டு டிவியைக் காணோம்.

மே 23, வெள்ளி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை: மழை விடவில்லை. ஆனால் ஓடை பிளேன்டீ நிறம்! தண்ணீரும் பாதிதான். சட்டப்படி போக வேண்டிய நாள். தடியைத் தூக்கிக்கொண்டு கறுப்புப் பாறை மடுவுக்கு. இத்தனை வருஷம் பார்க்காத கற்களெல்லாம் வெளியே தெரிந்தன. மீன்கள் மடுவுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு. மூன்றாவது வீச்சில் லெஹெல்லா, என் முழங்கையை விட நீளம். தடி வளைந்த வளைவு! தனியாக நின்று கத்தினேன். தண்ணீரிலேயே விட்டுவிட்டேன். நீந்திப் போக அதற்கு இடமில்லை, அதே மடுவுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

அப்போது நிமல் போன். கீழே ஆற்றோரம் இருக்கும் சிங்கள த்ரீவீல்காரன், மீன்பிடிக் கூட்டாளி. "மச்சான், ஒங்க ஓடையில இருந்து தண்ணி வாறது இல்ல நே? இந்த மழைக்கு எப்பிடி?"

சிரித்துக்கொண்டே பதில் சொல்ல வாயெடுத்தேன். அப்படியே நின்றுவிட்டேன். நாலு நாள் மழைக்கு ஓடை பெருகாமல் எப்படி வற்றும்? மேலே மண் சரிந்து அடைத்திருக்கிறது. தண்ணீரெல்லாம் மலைக்குள் எங்கோ தேங்கி நிற்கிறது. உடைந்தால் லயத்து வீடுகளின் மேல்தான். நான் அதற்குக் கீழே நின்று மீன் பிடித்துக்கொண்டிருந்தேன். இந்த ஓடையில் இருபது வருஷம் நின்றவன். வெட்கம்.

ஓடினேன். தடி அங்கேயே கிடக்கிறது.

கீர்த்தி ஜன்னலில் காத்திருந்தாள். "நூலு அறுந்துருச்சு மாமா. நான் தொடவே இல்ல. சத்தியமா."

அக்கா வாசலை மறித்தாள். "அபசகுனம்டா, வேணாம்டா" என்று அழுதாள். "குச்சு கட்டுனது நானு. பிரிக்கிறதும் நான்தான்" என்று ஓலையைப் பிடுங்கி எறிந்தேன். என் குரலே எனக்குப் பழக்கமில்லாததாக இருந்தது. கீர்த்தியைப் போர்வையால் மூடிக் கூட்டிக்கொண்டு நடந்தேன். வேறு வழியில்லாமல் அக்காவும் மச்சானும் பின்னால். மற்ற வீட்டுக் கதவுகளையும் தட்டிக்கொண்டே வந்தோம். இந்த முறை எல்லாரும் வந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் சாந்தியும் மற்றப் பெண்களும் சேலைகளைக் கட்டி ஒரு மூலையை மறைத்துக் கொடுத்தார்கள். கீர்த்தி அதற்குள். ஊர் ஒன்றும் சொல்லவில்லை, பிஸ்கட்தான் கொடுத்தது.

அக்கா என்னோடு பேசவில்லை. இறுக்கம் தாங்காமல் நான்தான் உளறினேன்: "சேவல்தான் பாவம், கூட்டுக்குள்ளயே கெடக்குது. இனிமே எறகுக்கு எங்க போவேன்?" மச்சான் மட்டும் சிரித்தார்.

மே 24, சனி

காலை 6.40. மழை விட்டிருக்கிறது. தேயிலை மேல் வெயில் கூட. இரவெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. "நாளைக்குத் தண்ணி ஊத்தணும், வீட்டுக்குப் போவோம்" என்று அக்கா பையைக் கட்டுகிறாள். பேசவாவது தொடங்கினாளே.

இங்கிருந்து ஓடை தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். இன்று அதுவும் இல்லை. சுத்தமாக இல்லை.

சட்டத்தை மாற்றி எழுத வேண்டும்:
– பால் டீ நிறம்: வீட்டில் இரு.
– பிளேன்டீ நிறம்: முதலில் வானத்தைப் பார். மழை பெய்துகொண்டே தண்ணீர் குறைந்தால்

கீர்த்தி சேலைக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டாள். எழுந்து போய்க் கேட்டுவிட்டு வந்தேன். "அப்பா சாக்க எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிருக்காரு மாமா. 'என் புள்ளைய அவன் தூக்கியாந்தான், அவனுக்கு அந்தச் சேவல நான் தூக்கியாறேன். மாமாகிட்ட சொல்லாத'ன்னாரு."

எப்போது போனார் என்றேன். கால் மணி நேரம் ஆகிறதாம். வீட்டுக்கு நடந்தால் பத்து நிமிஷம்தான். மச்சானுக்குப் போன் அடித்தேன். அக்காவின் பைக்குள் மணி அடிக்கிறது.

ஓடைச் சத்தம் கேட்கிறது.