எட்டு கெஜத்துக்கு இரண்டு நட்சத்திரம்

வெஸ்டன் கிராசிங், நெப்ராஸ்கா
டிசம்பர் 3

அன்பு மகன் நோலனுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முட்டியையும் என் வாயையும் தவிர இந்த வீட்டில் மற்றதெல்லாம் நலம். நீயும் அலாஸ்காவில் மீனோடு மீனாக உறைந்துபோகாமல் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஃபோன் செய்தால் "நல்லாருக்கேம்மா, லோடு வந்திருக்கு" என்று வைத்துவிடுகிறாய். மெசேஜ் அனுப்பினால் திரையைப் பார்த்தால் தலை வலிக்கிறது என்கிறாய். அதனால்தான் இப்படிப் பெரிய எழுத்தில் காகிதத்தில் எழுதுகிறேன், கண் வலித்தால் வைத்துவிட்டு நாளைக்கு மிச்சத்தைப் படி. அப்பாவுக்கு இந்த வருஷமும் பனி தள்ளும் வண்டி ஓட்டும் வேலை கிடைத்துவிட்டது. கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்தில் நான் அதே இடத்தில்தான் நிற்கிறேன், வியாழக்கிழமை அதே சில்லி என்கிற காரமான கறிக்குழம்பு, அதே இலவங்கப்பட்டை ரொட்டி, இரண்டையும் ஒன்றாக ஏன் தின்கிறீர்கள் என்று கேட்கும் அதே வெளியூர்ப் பையன்கள்.

பெரிய செய்தி உனக்கே தெரிந்திருக்கும், கல்லூரி ஃபுட்பால் அணியின் தலைமைக் கோச்சை அனுப்பிவிட்டார்கள். ஜெயிக்கத் தெரியாதவனுக்கு இனி நீ ஜெயிக்கவே வேண்டாம், வீட்டிலிரு என்று சொல்லிக் கையில் கொடுத்த தொகையை வைத்து எங்கள் சமையலறையில் எல்லோருக்கும் பத்து வருஷம் சம்பளம் போடலாம், அதை எழுத ஆரம்பித்தால் காகிதம் போதாது. அவன் இடத்துக்கு ப்ரீஸைக் கொண்டுவரலாமா என்பதுதான் இப்போது ஊர்ப் பேச்சு. ஆமாம், உங்கள் ஸ்பெஷல் டீம் கோச் ஹார்லன் ப்ரீஸ்தான். பந்தை உதைக்கிற நேரத்தில் மட்டும் களத்துக்குள் ஓடும் பையன்களைப் பழக்கியவன் முழு அணியையும் நடத்துவானா என்று பாதி ஊர் கேட்கிறது, மீதி ஊர் அவனுடைய ஆறு வருஷக் கணக்கைப் பார் என்கிறது. அந்தக் கணக்கு யாரிடம் இருக்கிறது? உன் அம்மாவிடம்தான். திங்கட்கிழமை ரேடியோ விளையாட்டு நிகழ்ச்சிக்கு நான் ஃபோன் போட்டவுடன், அதை நடத்தும் ரஸ் "உதை மகாராணி வந்துட்டாங்கப்பா, எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்பானே, அவன் கிண்டல் செய்கிறான் என்று ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் பட்டம் சூட்டியதுபோல இருக்கும். மற்றவர்கள் உதை நேரத்தில் எழுந்து சாசேஜ் வாங்கப் போவார்கள், நான் பச்சை நோட்டை மடியில் விரித்து, பந்து எங்கே விழுந்தது, எடுத்து ஓடியவனை எந்தக் கோட்டில் நிறுத்தினார்கள், நிறுத்தியவன் எந்த எண் என்று எழுதுவேன். ஊரில் ஒருத்திக்குத்தான் விஷயம் தெரியும் என்ற திமிர் எனக்கு.

கல்லூரிக்காரர்கள் நவம்பர் கடைசியில் லீஜன் ஹாலில் ஒரு பொதுக்கூட்டம் வைத்தார்கள், ரசிகர்கள் சார்பில் ப்ரீஸைப் பற்றி மூன்று நிமிஷம் பேச என்னைக் கேட்டார்கள். பத்தொன்பது வருஷமாகத் தட்டில் உருளைக்கிழங்கு வைக்கிறேன், அந்த ஆபீசிலிருந்து ஒருத்தன்கூட என் பெயரைச் சரியாகச் சொன்னதில்லை, இப்போது "மிஸஸ் ஹ்ரூபி" என்று கடிதமே வருகிறது. புது கோட்டு வாங்கினேன். அப்பா பார்த்துவிட்டு "கோச் வேலை உனக்கா அவனுக்கா?" என்றார். நான் ஆறு நோட்டையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி உட்கார்ந்தேன்.

முந்நூற்றுத் தொண்ணூற்றாறு தொடக்க உதைகள். ஒன்றில்கூட எதிராளி கடைசிவரை ஓடிப் புள்ளி எடுக்கவில்லை. சராசரியாக எதிராளியின் கோட்டிலிருந்து பதினேழாம் கெஜத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். மற்ற கோச்சுகள் பந்தை எதிராளியின் கடைசிக் கோட்டையும் தாண்டும்படி நீளமாக உதைக்கச் சொல்வார்கள், எதிராளி இருபத்தைந்தாம் கெஜத்தில் தொடங்குவான், யாரும் யார்மீதும் மோத வேண்டியதில்லை. ப்ரீஸ் உயரமாக, குட்டையாக உதைக்கச் சொல்வான். எதிராளி பந்தை எடுத்து ஓடித்தான் ஆக வேண்டும், நம் பையன்கள் முழு வேகத்தில் போய் மோதித்தான் ஆக வேண்டும். லாபம் எட்டு கெஜம். இதை ரேடியோவில் எத்தனை முறை புகழ்ந்திருப்பேன், தைரியமான மூளை என்று வேறு சொன்னேன்.

அப்புறம்தான் உன் பக்கம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய அக்டோபர், மூன்றாவது உதை. "14ஆம் கெஜம். 47. நோலன்!!" என்று எழுதி இரண்டு நட்சத்திரம் போட்டிருக்கிறேன். அன்று நீ மோதி விழுந்தபின் எழுந்து எந்தப் பக்கம் நடந்தாய் என்று அதில் இல்லை. ஆனால் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நீ எதிரணி பெஞ்சுக்கு நடந்து போய் அங்கே தண்ணீர் கேட்டாய். கேலரியில் எங்கள் வரிசையே சிரித்தது. அப்பா மட்டும் "அவன் ஏன்டி அந்தப் பக்கம் போறான்?" என்றார், நான் "உங்க பையன்தானே, வழி எப்படித் தெரியும்" என்றேன். ப்ரீஸ் வந்து உன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துப் போனான். நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில்கூட, நீ எதிரில் உட்கார்ந்து வான்கோழியை வெட்டிக்கொண்டிருக்கும்போதே, அந்தக் கதையைச் சொன்னேன். நீயும் சிரித்தாய். அதே ஆட்டத்தில் நாலாவது உதையிலும் 47 இருக்கிறது, ஐந்தாவதிலும் இருக்கிறது. ஐந்தாவதில் இன்னொரு நட்சத்திரம். அடுத்த வசந்தத்தில் நீ படிப்பை விட்டாய், ஊர் சுற்ற ஆசை என்றாய், அலாஸ்காவில் குளிர்காலத்தில் வெயிலே கிடையாது, அதுதான் எனக்கு வசதி என்றாய். என்ன விசித்திரமான ஆசை என்று அதையும் சாப்பாட்டுக்கூடத்தில் சொல்லிச் சிரித்தேன். பந்து எங்கே விழுந்தது என்று கெஜக்கணக்கில் சொல்பவளுக்கு, அன்று உனக்குத் தலையில் அடிபட்டது விளங்க இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

பிறகு எல்லா நோட்டையும் வேறு மாதிரி படித்தேன். ஆறு வருஷமாக 47 என்ற எண் என் நோட்டில் ஓயாமல் ஓடுகிறது, என்ன உறுதி பார் என்று நினைத்திருந்தேன். அந்தச் சட்டைக்குள் மூன்று பையன்கள் மாறியிருக்கிறார்கள். நீ இரண்டாவது. இந்த ஆறு வருஷத்தில் உதை நேரத்துக்கு ஓடிய நாற்பத்தொரு பேரில் உதவித்தொகை பெற்றவர்கள் ஆறே பேர். இதைச் சொல்ல எனக்கு எந்த ஆபீசும் வேண்டாம், யார் தனி மேசையில் ஸ்டேக் தின்றார்கள், யார் என் வரிசையில் காசு கட்டிய அட்டையோடு நின்றார்கள் என்பது எனக்குத் தெரியும். காசு போட்டு வாங்கிய பையனை யாரும் இந்த மோதலுக்கு அனுப்புவதில்லை. முதல் 47இன் அம்மா மார்சியை உனக்குத் தெரியும், மளிகைக் கடையில் பில் போடுபவள். அவளிடம் கேட்டேன். முட்டையைப் பையில் வைத்துக்கொண்டே, "அவனா? ட்ரக் ஓட்ட லைசென்ஸ் தரமாட்டேன்னுட்டாங்க, திடீர்னு மயக்கம் வருதாம். நீதான் ரேடியோல அவனைப் புலின்னு சொன்னியே ஆர்லீன், அந்தப் புலிக்கு இப்ப நான்தான் மாத்திரை எடுத்துக் குடுக்கறேன்" என்றாள். பின்னால் நின்றவன் "சீக்கிரம் ஆகட்டும்மா" என்றான். நான் மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன்.

சரி, கூட்டத்தில் வெளுத்து வாங்கினேன் என்றுதானே நினைப்பாய். இரண்டு தாள் எழுதிக்கொண்டு போனேன், முதல் தாளில் நல்ல கணக்கு, இரண்டாவதில் பையன்கள். நியாயமாகப் பேசுபவள் என்று பெயர் வாங்க வேண்டாமா? பதினேழாம் கெஜம் என்றேன், கைதட்டினார்கள். முந்நூற்றுத் தொண்ணூற்றாறில் ஒன்றுகூட இல்லை என்றேன், எழுந்து நின்றார்கள். நோலன், எனக்கு அப்படி யாரும் கைதட்டியதே இல்லையடா. இன்னொரு உதாரணம் சொன்னேன், அப்புறம் இன்னொன்று. இரண்டாவது தாளைத் திருப்பினேன், மணி அடித்துவிட்டது. "இன்னொரு பக்கம் இருக்கு" என்றேன், "எங்களுக்குத் தெரியும் மகாராணி, விடிய விடியப் பேசுவீங்க" என்று ரஸ் மைக்கை வாங்கிக்கொண்டான், மறுபடி சிரிப்பு. வாசலில் ப்ரீஸ் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "ரொம்ப நன்றிம்மா, என் பொண்டாட்டிகூட என்னைப் பத்தி இவ்வளவு நல்லாப் பேசினதில்லை. நோலன் எப்படி இருக்கான்? இப்பவாவது சரியான பக்கம் நடக்கறானா?" என்றான். நான் சிரித்தேன். பழக்கதோஷம், வாய் தானாகச் சிரித்துவிட்டது. அப்பா வண்டியைக் கிளப்பிக்கொண்டே "கைதட்டினாங்கல்ல, போதுமா?" என்றார். அந்தப் புதுக் கோட்டைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நிர்வாகக் குழு டிசம்பர் இருபதாம் தேதி முடிவு செய்கிறது. அதற்கு முந்தைய திங்கட்கிழமை ரஸ்ஸைக் கூப்பிடுவேன், இந்த முறை இரண்டாவது தாளிலிருந்து ஆரம்பிப்பேன். மார்சி தன் மகன் பெயரைச் சொல்லச் சம்மதித்துவிட்டாள். உன் பெயரை உன்னைக் கேட்காமல் சொல்லமாட்டேன், ஒருமுறை கேட்காமல் ஊருக்கெல்லாம் சொன்னது போதும். இந்தக் கடிதத்தோடு, நோட்டிலிருந்து உன் பக்கத்தைக் கிழித்து வைத்திருக்கிறேன். ஓரத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன், அன்று ஒவ்வொரு உதைக்குப் பிறகும் உனக்கு என்ன ஞாபகம் இருக்கிறதோ அதை எழுது, ஒன்றும் ஞாபகமில்லை என்றால் அப்படியே எழுது. வேண்டாம் என்றால் காகிதத்தை அடுப்பில் போடு, நான் ஏன் என்று கேட்கமாட்டேன். நான் சொல்லி ப்ரீஸுக்கு வேலை கிடைக்காமல் போகும் என்ற கனவெல்லாம் எனக்கு இல்லை, உருளைக்கிழங்கு வைப்பவள் சொல்லி இந்த ஊரில் எது நின்றிருக்கிறது? ஆனால் மூன்றாவது 47 இப்போது என் வரிசையில்தான் நிற்கிறான், மூக்கெல்லாம் புள்ளி, பண்ணைக்காரர் வீட்டுப் பையன். போன செவ்வாய்க்கிழமை என்னிடம் கெட்சப் கேட்டான், கொடுத்தேன். கையில் அதை வைத்துக்கொண்டே மறுபடி கேட்டான். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன், அதற்கு மேலாளர் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார். அதையும் பச்சை நோட்டில்தான் வைத்திருக்கிறேன்.

கறுப்புக் கண்ணாடி இல்லாமல் படகுத்துறைக்குப் போகாதே. அங்கே தலைக்குப் பார்க்கிற டாக்டர் யாரென்று விசாரி, செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வேளைக்குச் சாப்பிடு, கடவுள் உன் கூடவே இருக்கட்டும். அப்பா தன் முத்தத்தையும் சேர்த்து எழுதச் சொல்கிறார், முட்டி வலியை எழுத வேண்டாமாம். பதினைந்தாம் தேதிக்குள் பதில் போடு, மறந்துவிடாதே.

அன்றைக்கு அந்த வரிசையிலேயே சத்தமாகச் சிரித்த,
உன் அம்மா
ஆர்லீன்