கோலாலம்பூர் கிளைக்குத் தைத்த சட்டை

காஜா பெராங், மலாக்கா
செப்டம்பர் 1958

அன்புள்ள அத்தானுக்கு,

பிள்ளைகள் நலம். சிங்கப்பூரில் உங்கள் நலத்தை நான் விசாரிக்க வேண்டியதில்லை போலிருக்கிறது.

நேற்று உங்களோடு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் பெரியண்ணன் என்பவர் வந்திருந்தார். பல்கலைக்கழகம் கோலாலம்பூரில் திறந்திருக்கும் கிளைக்கு மாற்றலாகிப் போகிறாராம். போகிற வழியில் இங்கே இறங்கினார்.

"அண்ணி, இந்த மாத்தலுக்கு மொதல்ல அண்ணன் பேருதான் வந்துச்சு. வேணாம்னு அவரே எனக்கு விட்டுக் கொடுத்துட்டாரு," என்றார்.

உங்கள் பெயர் வரவேயில்லை என்றல்லவா எனக்கு எழுதியிருந்தீர்கள்?

சிராங்கூனில் நீங்கள் இருக்கும் வீட்டைப் பற்றி ஏதோ சொல்ல வந்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு தேத்தண்ணி கேட்டார். அங்கே உங்களுக்குச் சமைத்துப் போடுவது யார் என்று நானும் கேட்கவில்லை.

உங்கள் பெயர் நிச்சயம் வரும், நாம் எல்லாரும் கோலாலம்பூரில் ஒன்றாக இருக்கலாம் என்று நம்பி, உங்களுக்கு ஒரு காக்கிச் சட்டை தைத்து வைத்திருந்தேன். அதைப் பெரியண்ணனைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். தோளில் மட்டும் தொளதொளவென்று இருந்தது. அவர் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் வெட்டிப் பிடித்துத் தைத்துக் கொடுத்துவிட்டேன்.

இனி அது உங்களுக்குச் சேராது.

இப்படிக்கு,
பிள்ளைகளின் அம்மா