டிக்கருக்கு வைத்த பொட்டு

18 ஜூலை 1966, திங்கள்

இன்றும் என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிட்டார். இடது கையில் ஸ்பூன். ரசத்தில் பாதி சட்டையில். நான் பார்க்காத மாதிரி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த அடுப்பையே எத்தனை முறை துடைப்பது?

மே மாதம் பட்டறையில் இவருக்கு வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு போயின. புண் நன்றாக ஆறிவிட்டது என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் அந்தக் கை சட்டைப்பைக்குள் போனது போனதுதான். ஸ்பேனரும் அரமும் வைக்கும் சாமான் பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. திறப்பதே இல்லை.

நேற்று போர்மேன் அஸ்மத் வீடு தேடி வந்தார். நல்ல மனிதர், பலாப்பழம் வாங்கி வந்திருந்தார். தீபாவளி கழித்து வரச் சொன்னார். கை ஒத்துழைத்தால் பழையபடி பெஞ்சில் ஃபிட்டர் வேலை. இல்லையென்றால் வாசலில் வாட்ச்மேன் வேலை இருக்கிறதாம்.

"வாட்ச்மேனாவே போட்டுருங்க" என்றார் இவர். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

தஞ்சோங் பகார் கப்பல் பட்டறையில் பதினைந்து வருஷம் ஃபிட்டர். அடுத்தவன் போட்ட நட்டைத் தொட்டுப் பார்த்தே "இவன் சரியா முறுக்கலை" என்று திட்டுகிற மனுஷன். ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டைத் திறந்து மூடப் போகிறாராம். எனக்கு வந்த கோபத்தில் பலாப்பழத்தைக்கூடச் சாப்பிடவில்லை. (இன்று காலை சாப்பிட்டேன்.)

28 ஜூலை, வியாழன்

சமூக நிலையத்தில் டிவி பார்க்கப் போனோம். நானும் மேல்மாடி பூவம்மா அக்காவும்தான். இவரைக் கூப்பிட்டேன், வரவில்லை.

வியாழக்கிழமை என்றால் 'ஆர்பிட் நைன்'. வானத்தில் பறக்கும் கப்பல், அதில் நாலு வெள்ளைக்காரர்கள், கூடவே டிக்கர் என்ற எந்திரம். அவர்கள் பேசும் இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரியும். டிக்கர் முழுசாகப் புரியும். பீப்பாய் மாதிரி உடம்பு, முன்னால் ஒரு வளைந்த குழாய், நெற்றியில் ஒரு விளக்கு. விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்த பிறகுதான் பேசும். பூவம்மா அக்கா அதற்கு வைத்திருக்கும் பெயர் யானைக்குட்டி.

படம் முடிந்ததும் ஓர் அறிவிப்பு. நிலையத்தின் ஆண்டு விழாவுக்குப் போட்டி வைக்கிறார்களாம். டிவியில் பார்த்த பொருள் ஒன்றை வீட்டுச் சாமானை வைத்து அச்சு அசலாகச் செய்துகொண்டு வர வேண்டும். அக்டோபர் கடைசியில்.

பெயர் கொடுத்துவிட்டேன். ஏன் கொடுத்தேன்? தெரியாமல் என்ன. தெரியும்.

6 ஆகஸ்ட், சனி

நான் வீட்டு வேலை செய்யும் அலெக்சாண்ட்ரா குவார்ட்டர்ஸ் மேடம் சீமைக்குத் திரும்புகிறார். சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். சமையல்காரிக்குக் கடிகாரம். எனக்கு இரண்டு வெள்ளைத் துண்டுகள், ஒரு வேக்யூம் கிளீனர். மேடமின் மாமியார் காலத்துச் சாமான், ஓடாது. விளக்குமாறு இரண்டு இழுப்பு இழுத்தால் முடிந்துபோகிற ஓரறை வீட்டுக்கு வேக்யூம் கிளீனர்! ஆனால் அதைப் பார்த்த உடனேயே எனக்குள் விளக்கு எரிந்துவிட்டது. அதே பீப்பாய் உடம்பு, அதே குழாய்.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் முகம் வெளுத்துவிட்டது. "என்னம்மா இது, பாம் இல்லயே லா?" பக்கத்தில் இருந்தவர் எழுந்து முன்னால் போய்விட்டார். வசதியாக உட்கார்ந்து வந்தேன்.

10 ஆகஸ்ட், புதன்

கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தேன். ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு அவர் கண் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். வேக்யூம் கிளீனர் மூடியைக் கழற்றுவதற்கு எந்தப் பக்கம் திருப்ப வேண்டுமோ, அதற்கு எதிர்ப்பக்கம் திருப்பினேன். மூச்சுப் பிடித்துத் திருப்பினேன். திருகின் தலை தேய ஆரம்பித்தது.

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் இந்தப் பக்கம்.

11 ஆகஸ்ட், வியாழன்

இரண்டாவது திருகும் தேய்ந்தது. "என்னத்தைப் பண்ணுறே?" என்றார். "டிக்கர்" என்றேன். "கிழிச்சே" என்றார். மூன்று மாதத்தில் அவராக வாயைத் திறந்து என்னைத் திட்டியது இதுதான் முதல் தடவை.

12 ஆகஸ்ட், வெள்ளி

பிடுங்கிக்கொண்டார். "கொண்டா இங்கே. சாமானைப் பாழாக்குறதுக்குன்னே பொறந்திருக்கே."

இடது கையால்தான். ஆனால் இடது கை அந்த வேலைக்கு ஆகவில்லை. திருகு நகரவில்லை. நான் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன், நிமிரவே இல்லை. சட்டைப்பையிலிருந்து வலது கை வந்தது. கட்டை விரலும் கடைசி இரண்டு விரலும் பிடியைப் பிடிக்க, உள்ளங்கையால் அமுக்கினார். ஸ்குரூடிரைவர் நழுவி விழுந்தது. மறுபடியும். மறுபடியும். நாலாவது தடவை சுவரைப் பார்த்து வீசி எறிந்துவிட்டு வெளியே போய்விட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் யார் இந்த மனுஷனைப் போட்டு வதைக்க? விட்டுத்தொலைத்திருக்கலாம். அவர் பாட்டுக்கு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். அதில் என்ன கேவலம்? ஒரு கேவலமும் இல்லை. ஆனா அவருக்கு அது பிடிக்காதே, எனக்குத் தெரியுமே!

14 ஆகஸ்ட், ஞாயிறு

வெள்ளிக்கிழமை அவர் போனது எங்கே என்று இன்றுதான் தெரிந்தது. பிளாக் கீழே சைக்கிள் கடை வைத்திருக்கும் அஹமது கபீர் பாயிடம். பழைய டியூப் ரப்பர் கேட்டு வாங்கி, ஸ்குரூடிரைவர் பிடியில் சுற்றிச் சுற்றிக் கொழுக்கட்டை பருமனுக்கு ஆக்கி வைத்திருக்கிறார். பிடி தடித்தால் மூன்று விரலுக்கும் பிடிமானம் கிடைக்கிறது. இன்று ஸ்பேனருக்கும் சுற்றினார்.

மூடி கழன்றது. உள்ளே மேடமின் மாமியார் காலத்துத் தூசி. வீடெல்லாம் தும்மல்.

25 ஆகஸ்ட், வியாழன்

டிவி பார்க்க வந்தார்! டிக்கரின் காதருகே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். முதலில் கடைசி வரிசையில் நின்றார், கை பைக்குள். டிக்கர் வந்ததும் முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்துவிட்டார். "ஐயா, தலை மறைக்குது லா!" என்று பின்னால் ஒரே கத்தல். அவர் காதில் விழுந்தால்தானே.

வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். காதருகே இருப்பது ஏரியலாம், நான் நினைத்த மாதிரி பூ இல்லையாம்.

4 செப்டம்பர், ஞாயிறு

சுங்கை ரோடு பழைய சாமான் சந்தைக்குப் போனோம். குடைக் கம்பி, ஒரு சைக்கிள் விளக்கு, அமுக்கினால் விளக்கு எரிந்து, கையை எடுத்தால் அணையும் ஒரு பொத்தான். கடைக்காரர்கள் கையைத்தான் பார்க்கிறார்கள். இவர் பையில் விட்டுக்கொண்டார். பிறகு பொத்தான் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எடுத்தாக வேண்டியிருந்தது. சிராங்கூன் ரோட்டில் எனக்குப் பூ வாங்கித் தந்தார்.

20 செப்டம்பர், செவ்வாய்

இன்று ஸ்பூன் கேட்கவில்லை.

2 அக்டோபர், ஞாயிறு

பெயிண்ட் சண்டை. டிவியில் எல்லாமே கறுப்பு வெள்ளைதானே, டிக்கர் உண்மையில் என்ன நிறம்? பூவம்மா அக்கா சிவப்பு என்கிறார். யாரோ அவர் கனவில் சொன்ன மாதிரி அவ்வளவு உறுதி. கபீர் பாய் கடையில் மிச்சமிருக்கும் பச்சையைத் தருகிறேன் என்கிறார். நீலமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்றேன் நான்.

"நம்ம கண்ணால பார்த்தது சாம்பல்தானே? பார்த்ததைத்தான் செய்யணும்" என்று இவர் முடித்துவிட்டார். பட்டறை நண்பர் ஒருவரிடம் கப்பலுக்கு அடிக்கும் சாம்பல் பெயிண்ட் வாங்கி வந்திருக்கிறார். அதாவது பட்டறை வாசல் வரைக்கும் போயிருக்கிறார்.

13 அக்டோபர், வியாழன்

டிபன் கேரியர் மூடி டிக்கரின் முகமாகிவிட்டது. என் மதியச் சோறு இனிமேல் வாழையிலையில்.

22 அக்டோபர், சனி

ஆயுத பூஜை. காலையில் குளித்துவிட்டு அவரே பெட்டியைத் திறந்தார். அரம், ஸ்பேனர், ஸ்குரூடிரைவர் எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்தின் முன்னால் வரிசையாக அடுக்கினார். ரப்பர் சுற்றியது சுற்றியபடியே. நான் சொல்லவில்லை. சொல்லலாமா என்று நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

சாயங்காலம் போட்டி.

23 அக்டோபர், ஞாயிறு

நேற்று நடந்ததை இப்போதுதான் எழுத முடிகிறது.

மத்தியானம் நான் கீழ்வீடுகளுக்குச் சுண்டல் கொடுக்கப் போயிருந்தேன், இவர் கண்ணயர்ந்திருந்தார். அந்த நேரம் பூவம்மா அக்கா சாமி கும்பிட வந்திருக்கிறார். சாமி படத்துக்குப் பக்கத்தில் டிக்கர். பெரிய உடம்பு, முன்னால் தொங்கும் தும்பிக்கை, பக்கத்தில் ஊதுவத்தி. புதிதாகப் பிள்ளையார் வாங்கியிருக்கிறோம் என்று முடிவு கட்டிவிட்டார். நெற்றியில் பெரிய சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம், கழுத்தில் மல்லிகைச் சரம். நான் திரும்பி வந்தபோது கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, இது டிக்கர்!"

"யானைக்குட்டியா? கண்ணாடி போடாம வந்துட்டேன்டி சந்திரா!"

பொட்டு வைத்தபோது நெற்றி விளக்கை அழுத்தி உள்ளே தள்ளிவிட்டிருக்கிறார். ஒயர் கழன்றுவிட்டது. பொத்தானை அமுக்கினால் எரியவில்லை. விளக்கு மின்னாத டிக்கர் டிக்கரே இல்லை.

ஸ்குரூடிரைவரோ பூஜையில். வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை போட்ட பிறகுதான் எடுக்க வேண்டும். இவர் அந்த வரிசையின் முன்னால் நிற்கிறார், உட்காருகிறார், மறுபடி எழுந்து நிற்கிறார். மே மாதம் சாமானைத் தொடமாட்டேன் என்று ஒதுங்கிய மனுஷன், இப்போது தொட முடியவில்லையே என்று தவிக்கிறார். அவர் அவ்வளவு கவலையில் இருக்க, எனக்கு மட்டும் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. முகத்தை முந்தானையால் துடைக்கிற மாதிரி மறைத்துக்கொண்டேன்.

"பூஜையில வச்ச டிக்கரை மட்டும் தூக்கலாமா?" என்றார்.

"சாமின்னா ஊர்வலம் போகும்ல? தூக்குங்க" என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கீழே கடையை மூடிவிட்டு கபீர் பாயும் எங்களோடு கிளம்பினார். விஷயத்தைக் கேட்டதும் சட்டைப்பையிலிருந்து ஒரு ஸ்குரூடிரைவரை எடுத்தார். "இந்தாங்கண்ணே. என்னோடதுக்கு இன்னிக்கு லீவு இல்ல."

நிலையத்தில் ஒரே கூட்டம். எங்கள் முறை உடனே வந்துவிட்டது. ஒதுங்கி நின்று சரிசெய்ய நேரமே இல்லை. மேடையில், அத்தனை பேர் பார்க்க, இவர் டிக்கரின் மூடியைத் திறந்தார். பாயின் ஸ்குரூடிரைவர் மெலிசு, ரப்பர் கிடையாது. ஒரு தடவை நழுவி விழுந்தது. முன்வரிசையில் யாரோ "ஐயோ, கையைப் பாரு" என்றது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். சட்டைப்பை அங்கேயேதான் இருந்தது, கை அதற்குள் போகவில்லை. அவர் கைக்குட்டையை எடுத்துப் பிடியில் சுற்றி, உள்ளங்கையால் அமுக்கி, மெதுவாகத் திருப்பினார். நெற்றியில் வியர்வை.

பொத்தானை அமுக்கினார். மினுக் மினுக். கூட்டம் மொத்தமும் ஒரே குரலாகக் கத்தியது: "டிக்கர்!"

பரிசு கிடைக்கவில்லை. சாமிக்கு வைத்ததை எடுக்க மனமில்லாமல் பொட்டும் மல்லிகையுமாகவே தூக்கிப் போயிருந்தோம். டிக்கருக்குப் பொட்டும் மல்லிகையும் கிடையாது, அச்சு அசலாக இல்லை என்று நடுவர் சொல்லிவிட்டார். பூவம்மா அக்கா அவரைச் சபிக்காத குறை.

திரும்பி வரும்போது இவர் கேட்டார்: "அன்னிக்கு அந்தத் திருகை எதிர்ப்பக்கமா திருப்பினியே. பதினஞ்சு வருஷம் எனக்குச் சாமான் எடுத்துக் கொடுத்தவளுக்கு எந்தப் பக்கம்னு தெரியாதா?"

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"ரெண்டு திருகைப் பாழாக்கிட்டியே. மூணாவதுக்குப் பொறுக்கல."

14 நவம்பர், திங்கள்

தீபாவளி முடிந்தது. இன்று பட்டறைக்குப் போனார். நான் சமைக்கவில்லை, கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அஸ்மத் வாட்ச்மேன் வேலையை எடுத்து வைத்திருந்தாராம். "நீதானே கேட்டே" என்றாராம். இவர் பெஞ்சு கேட்டிருக்கிறார். அஸ்மத் கையைப் பார்த்துத் தயங்கினாராம். ஒரு மாதம் சின்ன வேலைகளில் பார்க்கலாம், சரிப்படவில்லையென்றால் வாசல்தான், அதற்குப் பிறகு பேச்சில்லை என்று சொல்லியிருக்கிறார்.

"பயமா இருக்கா?" என்றேன்.

"இருக்கு."

எனக்கும்தான்.

21 நவம்பர், திங்கள்

முதல் நாள். வந்ததும் படுத்துவிட்டார். அரத்தை மூன்று தடவை கீழே விட்டாராம். ஒரு பையன் எடுத்துக் கொடுத்தானாம், அதுதான் தாங்கவில்லையாம்.

"நாளைக்குப் போறீங்களா?"

"போகாம?"

10 டிசம்பர், சனி

மேடம் கொடுத்த வெள்ளைத் துண்டைத் துணிப்பெட்டியிலிருந்து இன்றைக்குத்தான் வெளியே எடுத்தேன். அரை நாள் வேலை முடிந்து வந்தவர் நேராக அதில் கையைத் துடைத்துவிட்டார். துண்டு முழுக்கக் கிரீஸ். இரண்டு கையிலும் கிரீஸ், முழங்கை வரைக்கும். மண்ணெண்ணெய் போட்டுக் கசக்கியும் போகவில்லை. வாய் ஓயாமல் திட்டினேன், கண்ணில் தண்ணீர் வர வரத் திட்டினேன். என்ன வெள்ளைத் துண்டு, என்ன மனுஷன்!

"கத்தாதே. திங்கக்கிழமையும் இப்படித்தான் வருவேன். அதுக்கடுத்த திங்களும் அப்படித்தான். மாசம் முடியறதுக்குள்ளயே பெஞ்சுதான்னு அஸ்மத் சொல்லிட்டாரு."

வரட்டும்.