மேற்கு பார்த்த வாசல்

மாமா,

பின்வீட்டில் இன்று காலை சுண்ணாம்புக்காகச் சுட்ட சிப்பியில் தண்ணீர் ஊற்றினார்கள். கொதித்து எழும்பிய ஆவி சுவரைத் தாண்டி நம் அடுப்படிக்குள் வந்தது. அந்தக் காரமான, சூடான வாடை உங்கள் வேட்டியில் எப்போதும் இருந்ததுதான். எத்தனை முறை வெளுத்தாலும் போகாது. நீங்கள் போய் ஒரு கோடை கழிந்துவிட்டது. துணிகளையெல்லாம் யார் யாருக்கோ கொடுத்தாயிற்று. வாடை மட்டும் இப்படி யார் வீட்டு வேலையிலிருந்தோ வந்து சேர்கிறது. உலையில் அரிசி போட மறந்து கொஞ்ச நேரம் நின்றேன். வருத்தமாக இல்லை. நீங்கள் வேலை முடிந்து வந்து கால் கழுவுகிற நேரம் போல இருந்தது, அவ்வளவுதான்.

நாம் பேசிய பேச்சில் பாதிக்கு மேல் உங்கள் கட்டட வேலை ஒப்பந்தப் பத்திரங்களைப் பற்றியது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். மாமனாரும் மருமகளும் பேச வேறு எதுவும் கிடைக்கவில்லையா என்று கேட்பார்கள். உண்மையிலேயே கிடைக்கவில்லை. விளாத்திகுளத்திலிருந்து நான் கல்யாணமாகி வந்த சில வாரங்களில் உங்கள் மகன் கொழும்புக் கடைக்குத் திரும்பிப் போய்விட்டார். அத்தை அதிகம் பேசாதவர்கள். பாளையங்கோட்டை விடுதியில் படித்த இங்கிலீஷை நான் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன். ஒரு மத்தியானம், மல்லி மடித்து வந்த பழைய இங்கிலீஷ் பேப்பரை அடுப்படியில் விரித்து வாசித்துக்கொண்டிருந்தபோது, தண்ணீர் குடிக்க வந்த நீங்கள் பார்த்துவிட்டீர்கள். நான் பயந்து மடித்தேன். நீங்கள் செம்பை வைத்துவிட்டுப் போனீர்கள். மறுநாள் நூலில் கட்டிய தடித்த தாள்கட்டு ஒன்றை என் முன்னால் வைத்தீர்கள்.

"ஏளா, இதுல என்னதான் எழுதியிருக்கான்னு பாரு."

அதுவரை வக்கீல் குமாஸ்தா ஒருவர்தான் உங்களுக்கு வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் பக்கத்தில் வேலையின் பெயர், கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடம். நடுவில் இருந்ததெல்லாம் எல்லாருக்கும் பொதுவாக அச்சடித்தது, அதைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். இத்தனை வருஷம் படிக்காமலே கட்டினேன், ஒன்றும் இடிந்து விழவில்லை என்று நீங்கள் சிரித்தீர்கள். ஆனாலும் நடுவில் என்ன இருக்கிறது என்ற ஆசை உங்களுக்கு இருந்தது. எனக்கும் இருந்தது. கதைப் புத்தகம் கிடைக்காத வீட்டில் அதுவும் ஒரு புத்தகம்தானே.

ஏறக்குறைய எல்லா வாக்கியமும் ஒரே மாதிரி தொடங்கியது. கான்ட்ராக்டர் இதைச் செய்ய வேண்டும், கான்ட்ராக்டர் அதைச் செய்யக்கூடாது. சாந்துக்கு நல்ல தண்ணீர்தான் சேர்க்க வேண்டும், கடல் மணல் கூடாது. கல்லும் மரமும் மாதிரி காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே வேலைக்கு வர வேண்டும். வேலையாட்களுக்குக் குடிதண்ணீர் வைக்க வேண்டும். கட்டடத்தை ஒப்படைக்கும்வரை மழையோ காற்றோ திருடனோ எது வந்தாலும் காப்பது கான்ட்ராக்டர் பொறுப்பு. ஒப்படைத்த பிறகும் ஒரு வருஷத்துக்குள் விரிசல் கண்டால் வந்து சரிசெய்து தர வேண்டும். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, இதையெல்லாமா எழுதி வைப்பான், இது தெரியாதவன் கொத்துக் கரண்டியை எடுக்கலாமா என்று நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டீர்கள். கொஞ்ச நேரத்தில் முகம் மாறியது.

"எல்லாத்துக்கும் நம்மதானா? வேல குடுக்கிறவனுக்கு ஒண்ணுமே இல்லையாளா?"

இடம் காட்ட வேண்டும், கட்டடத்தின் படம் தர வேண்டும் என்றேன். அதைத்தான் அவன் ஒழுங்காகச் செய்கிறதே இல்லை என்றீர்கள். அத்தை உள்ளேயிருந்து சிரித்த சத்தத்தை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

ஆலந்தலைப் பிரசவ விடுதி வேலை வந்தது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில். சிமெண்டுக்குக் கண்ட்ரோல். ஆகவே சிப்பிச் சுண்ணாம்பில்தான் கட்ட வேண்டும் என்று பத்திரத்திலேயே போட்டிருந்தது. அது உங்கள் கைவந்த வேலை. சந்தோஷமாகப் போனீர்கள். முதல் நாளே ஊர்க்காரர்கள் கொடுத்த வெற்றிலையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள்.

வேறு ஊரில் இது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. நம் பக்கத்தில் வீடு கட்டுகிறவர், சொந்தக்காரர் கையால் வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டால், நீங்கள் கேட்டபடி கட்டித் தருவேன் என்று வாக்குக் கொடுத்ததாக ஆகும். அதற்குமேல் எழுத்து கிடையாது. ஊர்ப் பெண்கள் கேட்டது ஒன்றுதான். படத்தில் வாசல் மேற்கே பார்த்து இருந்தது. அங்கே கிழக்கில் கடல், மேற்கில் செம்மணல் மேடுகளான தேரிக்காடு. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் செம்மண் கிளம்பி வந்து, மூடிய சட்டிக்குள்ளேயே புகுந்துவிடும். பேறுகாலம் பார்க்கும் ஓர் அம்மாள் உங்களிடம் சொன்னதை நீங்கள் அப்படியே வந்து எனக்குச் சொன்னீர்கள்: "அண்ணாச்சி, பச்சப்பிள்ள கண்ணத் தொறக்கும் முன்ன மண்ணுல்லா விழும். வாசலக் கடலப் பாக்க வச்சிரும்."

வைத்துவிடுகிறேன் என்று சொல்லி வெற்றிலையை வாங்கிவிட்டீர்கள்.

நான் பத்திரத்தை எடுத்து வாசித்தேன். எஞ்சினியர் எழுத்தில் உத்தரவு தராமல் எதையும் மாற்றக்கூடாது. மாற்றினால் இடித்துவிட்டுப் படத்தில் உள்ளபடி திரும்பக் கட்ட வேண்டும். அதற்குமேல், வேலையைப் பறித்து இனி எந்த சர்க்கார் வேலையும் தராமல் விலக்கி வைக்கவும் இடம் இருந்தது. நான் சொல்லச் சொல்ல நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. கட்டடத்துக்குச் சொந்தக்காரர் என்று யாரைப் போட்டிருக்கிறது? சர்க்காரை, என்றேன்.

"சர்க்காரா அங்கன வந்து பிள்ள பெறப்போகுது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. உங்களுக்கு வரவில்லை. சாப்பிடாமல் எழுந்து போனீர்கள்.  உங்கள் கோபம் என்மேல் இல்லை என்று தெரியும். படத்தின்படி கட்டினால் வாக்குத் தவறியவர் ஆவீர்கள். வாக்கின்படி கட்டினால் கண்முன்னால் இடிபடும், அதோடு உங்கள் தொழிலும் போகும். இரண்டில் எதைச் செய்தாலும் உங்கள் பெயர்தான் கெடும். இந்தக் கடற்கரையில் உங்களிடம் இருந்ததெல்லாம் அந்தப் பெயர்தான்.

யாருக்கும் சொல்லாமல் பத்திரத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன். புத்தகம் படிக்கிற பழக்கம் அது. முடிவு பிடிக்காவிட்டால் எங்கே தடம் மாறியது என்று திரும்பிப் பார்ப்பேன். நடுப்பக்கத்தில் ஒரு வாக்கியம், நான் முன்பே வாசித்து உங்களுக்குச் சொல்லி, நாம் இருவருமே ஒன்றுமில்லை என்று கடந்து போனது. படத்திலோ குறிப்பிலோ பிழையையோ, கட்டடத்தின் பயனைக் கெடுக்கும் எதையேனுமோ கான்ட்ராக்டர் கண்டால், அதை உடனே எஞ்சினியருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கலாம் என்று இல்லை. வேண்டும் என்று இருந்தது. அதுவும் உங்கள் கடமைகளில் ஒன்று.

நீங்கள் என்னை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னீர்கள். 

"அப்ப கேக்காம மாத்துறதும் தப்பு. வாய மூடிக்கிட்டு அப்படியே கட்டிட்டுப் போறதும் தப்பு."

அன்று சாயங்காலமே நான் எஞ்சினியருக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதினேன். காற்றையும் மண்ணையும் மட்டும் எழுதச் சொன்னீர்கள், படம் வரைந்தவரைக் குறைசொல்லி ஒரு வார்த்தையும் வேண்டாம் என்றீர்கள். தமிழில் கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்தீர்கள். அதோடு விட்டிருக்கலாம். மறுநாளே ஆலந்தலைக்குப் போய், அந்த வாக்கை நான் கொடுத்திருக்கக் கூடாது, அது என் கையில் இல்லை, எழுதிக் கேட்டிருக்கிறேன் என்று ஊர் முன்னால் சொன்னீர்கள். அதற்கு அந்த அம்மாள் சொன்ன பதிலை வீட்டில் வந்து சொல்லும்போதும் உங்கள் காது சிவந்திருந்தது.

"வெத்தலய மென்னு துப்பியாச்சு, இப்பப் பேப்பரக் காட்டுதீராக்கும்."

பதில் வரும்வரை மேற்குச் சுவரையும் கிழக்குச் சுவரையும் தரைமட்டத்துக்குமேல் எழுப்பாமல் விட்டுவிட்டு, மற்ற இரண்டையும் கட்டிக்கொண்டிருந்தீர்கள். தண்ணீர் எடுக்கப் போகும் பெண்கள், இரண்டு சுவரில் வீடு கட்டும் அண்ணாச்சி என்று பேர் வைத்தார்கள். ஓவர்சியர் வந்து, நாள் போகிறது, முடிக்கும் தேதியும் கடமைதான் என்று அதட்டினார். வேலையைக் கொஞ்ச நாள் நிறுத்தி வீட்டில் இருங்களேன் என்று அத்தை சொன்னபோது, சொல்லிவிட்டு ஓடி வந்தால் சொன்னதற்கு என்ன மதிப்பு என்றீர்கள். தினமும் போனீர்கள்.

ஆடியில் எஞ்சினியர் வந்தார். நீங்கள் சொன்னதிலிருந்து எனக்கு அந்த நாள் நான் அங்கே இருந்தது போலவே இருக்கிறது. சின்ன வயது, நம் பக்கத்துக்காரர்தான். இறங்கியதும் தொப்பி பறந்துவிட்டது. பிடிக்க ஓடியவர் வாயில் மண். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள், சிரிப்புக்கா காற்றுக்கா என்று தெரியவில்லை. ஆனால் அவர் விவரம் தெரியாமல் படம் போடவில்லை. வண்டிப் பாதை மேற்கில்தான் இருக்கிறது, கிழக்கே கால் புதையும் மணல், வலியோடு வருகிறவளை அந்த மணலில் சுற்றித் தூக்கி வருவீர்களா என்று கேட்டார்.   அதை யாருமே யோசித்திருக்கவில்லை.

பிறகு எல்லாரும் சேர்ந்து யோசித்தார்கள். வாசல் மேற்கிலேயே இருக்கட்டும், அதற்கு முன்னால் ஆள் உயரத்துக்குமேல் ஒரு மறைப்புச் சுவர், வண்டியிலிருந்து இறங்குகிறவர்கள் அதைச் சுற்றி உள்ளே வரட்டும். பிள்ளையோடு படுக்கிற பக்கத்தில் கடலைப் பார்த்து இன்னொரு கதவு. சுவர் எங்கே முடிய வேண்டும் என்று அந்த அம்மாளே காற்றுக்கு எதிரே நின்று காட்டினார்கள். எஞ்சினியர் அங்கேயே உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது, கடிதம் யார் எழுதியது என்று கேட்டாராம். வீட்டில் எழுதியது என்று மட்டும் சொன்னீர்கள். மகன் எழுதியதாக அவர் நினைத்திருப்பார். என் இங்கிலீஷை ஊரறியச் சொல்லாமல் நீங்கள் விட்டது எனக்குப் பிடித்திருந்தது. அது உங்களுக்கும் தெரியும்.

கட்டி முடித்து ஒப்படைத்த அன்று ஊரில் மறுபடி வெற்றிலை கொடுத்தார்கள். வாங்கலாமா என்று நீங்கள் யோசித்ததைப் பார்த்து அந்த அம்மாள், "வாயில போடும், இது சும்மாதான்" என்றார்களாம். வீட்டுக்கு வரும்வரை மென்றுகொண்டே வந்தீர்கள்.

சண்டை முடிந்து உங்கள் மகன் கொழும்பை விட்டு வந்து உங்களோடு சேர்ந்துகொண்டார். நான் தொடர்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் வயிற்றுவலிக்கு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இனி அதிக நாள் இல்லை என்பதை உங்கள் மகனிடம் இங்கிலீஷில் சொன்னார். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டோம். உங்கள் மகன் வெளியே போனதும் நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள்.

"ஏளா, டாக்டர் என்னமோ சொன்னானே. வாசிச்சுச் சொல்லுத மாதிரி சொல்லு."

சொன்னேன், மாமா. ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள். பிறகு வண்டி கட்டச் சொன்னீர்கள். வெற்றிலை வாங்கிய வீடுகளுக்கெல்லாம் போய், என்னால் முடிக்க முடியாது, வேறு ஆள் பாருங்கள் என்று நேரில் சொன்னீர்கள். யாரும் வேறு ஆள் பார்க்கவில்லை. உங்கள் மகனே முடிக்கட்டும் என்றார்கள். வண்டியிலிருந்து இறங்கும்போது உங்கள் முகம் ஆலந்தலையிலிருந்து வெற்றிலை மென்றுகொண்டே வந்த நாளைப் போல இருந்தது. நான் சொல்லிவிட்டதற்காக உங்கள் மகன் கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

கண்டதைச் சொல்ல வேண்டும் என்பது அச்சடித்த தாளில் இருந்தது. சொன்ன பிறகு பதில் வரும்வரை அங்கேயே இருக்க வேண்டும் என்று எந்தப் பத்திரத்திலும் நான் வாசித்ததில்லை. அது உங்களிடம் பார்த்தது. நேற்று உங்கள் மகன் உப்பு மூட்டை அடுக்கிவைக்கும் ஒரு கிட்டங்கியின் படத்தை விரித்தார். மூட்டை சுமக்கிறவர்கள் உட்கார்ந்து சாப்பிட அதில் ஓர் அடி நிழல் இல்லை. சொன்னேன். கேட்காதது போலப் படத்தைச் சுருட்டினார்.

நான் எழுந்து போகவில்லை.