இறந்தவர் பட்டியலில் உள்ள ஐந்து பெயர்கள் குறித்து

அனுப்புநர்
நஷ்மியா சைஹூத்,
முன்பு: அபூ குசைப் ஏரிக்குடியிருப்பு,
இப்போது: செங்கல் சூளைக்குப் பின்புறம், மூன்றாவது வரிசை.

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
வறட்சியால் பாதிக்கப்பட்ட இளையோர் மனநல உதவித் திட்டம்,
மாவட்ட அலுவலகம்.

பொருள்: என் மகள் ருவைதாவுக்கு (வயது 16) அளித்துவந்த மனநல ஆலோசனையைப் பொய்த்தகவல் என்று காரணம் காட்டி நிறுத்திய ஆணையை ரத்து செய்து, வரும் செவ்வாய்க்கிழமை முதல் மீண்டும் அளிக்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 20.8.2023.
2. நான் நேரில் வந்து நின்ற ஆறு நாட்கள். இவற்றுக்கு எண் எதுவும் தரப்படவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மீது அமைதி உண்டாகட்டும்.

1. எனக்கு எழுதத் தெரியாது. தங்கள் அலுவலக வாசலில் குடை விரித்து மனு எழுதும் அபூ மைஸம் அவர்களைக் கொண்டு இதை எழுதுகிறேன். அதிகாரிக்கு இப்படியெல்லாம் எழுதக்கூடாது என்று அவர் இரண்டு முறை பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சொன்னதைச் சொன்னபடி எழுதாவிட்டால் பக்கத்துக் குடைக்குப் போய்விடுவேன் என்றதும் எழுதுகிறார்.

2. முதல் படிவத்தை நிரப்பியவரும் இவரே. அதில் ஏழாவது கேள்வி, வறட்சிக் காலத்தில் குடும்பத்தில் நேர்ந்த இறப்புகள் பற்றியது. எனக்குப் புரியட்டும் என்று இவர், "வீட்ல யார் யாரெல்லாம் போயிட்டாங்க?" என்று கேட்டார். நான் சொன்னேன்: வர்தா, நஜ்மா, பத்ரியா, கஸாலா, ஸம்ரா. இவர் தலை குனிந்து இறந்தவர்களுக்காக ஓதிவிட்டு, ஐந்து பெயரையும் வரிசையாக எழுதினார். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்தும் எங்கள் எருமைகள். தான் நகரத்தில் பிறந்தவர் என்பதை இந்த இடத்தில் குறிப்பிடும்படி அபூ மைஸம் கேட்டுக்கொள்கிறார்.

3. நான் பொய் சொல்லவில்லை ஐயா. யார் போனார்கள் என்று கேட்டார்கள், போனவர்களைச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் வீடு என்றால் எருமையையும் சேர்த்துத்தான். நாணல் திட்டில் நாங்கள் ஒரு பக்கம் படுத்தால் அவை மறுபக்கம் படுக்கும். பெண்பிள்ளைப் பெயர்தான் வைப்போம். சாயங்காலம் தண்ணீர் ஓரம் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அந்தப் பெயருக்குரியது மட்டும் நீந்தி வரும். எங்கள் வீட்டில் ஏழு வயதிலிருந்து கூப்பிடுவது ருவைதா. என் குரலுக்கு ஒன்றும் திரும்பிக்கூடப் பார்க்காது.

4. வறட்சியின் மூன்றாவது கோடையில் ஏரித் தண்ணீர் கணுக்காலளவு ஆகி, உப்பேறியது. குடித்தவற்றுக்குக் கண் மங்கியது. குரல் வந்த பக்கம் தெரியாமல் சேற்றில் சுற்றிச் சுற்றி வந்தன. நாற்பது நாளில் ஐந்தும் போயின. மீதி இரண்டையும் கசாப்புக்காரரிடம் கொடுத்துவிட்டு இந்தச் சூளைக்குப் பின்னால் வந்து விழுந்தோம்.

5. அதற்குப் பிறகு என் மகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள்தான். சாப்பாடு இல்லை, குளிப்பு இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளை. ஆசிரியை வீடு தேடி வந்து கேட்டபோது, "இன்னும் கொஞ்ச வருசத்துல இந்த ஊரே இருக்காது டீச்சர். நான் படிச்சு யாருக்குப் பாடம் எடுக்கிறது?" என்றாள். ஆசிரியை தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனார். மழை வந்தால் எல்லாம் சரியாகும் என்று நாங்கள் சொல்லிப் பார்த்தோம். அவள் பாடப்புத்தகத்தை எடுத்து, ஆற்றின் மேல்பக்கம் எங்கெங்கே அணை இருக்கிறது, வெயில் வருடா வருடம் எவ்வளவு ஏறுகிறது என்று எங்களுக்கே விளக்கினாள். எங்களைவிட விவரம் தெரிந்த பிள்ளைக்கு நாங்கள் என்ன ஆறுதல் சொல்வது?

6. அப்போதுதான் தங்கள் திட்டம் வந்தது. இதற்காகத் தங்களுக்கு நன்றி சொல்கிறேன், மனதார. செவ்வாய்தோறும் சுகாதார நிலையத்துக்கு வரும் டாக்டர் லம்யா, முதல் நாளே அந்த ஐந்து பேரும் யாரென்று அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். சிரிக்கவில்லை. ஒவ்வொன்றும் எப்படி இருக்கும், எதற்குப் பயப்படும் என்று கேட்டார். மூன்றாவது செவ்வாய் முடிந்து வந்தவள் தானாகத் தலை குளித்தாள், ரொட்டியும் மீனும் சாப்பிட்டாள், புத்தகப் பை எங்கே என்றாள். இது துக்கம், இது குணமாகும், பாதியில் மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார் டாக்டர். நாங்கள் விடவில்லை. நான்காவது செவ்வாயன்று வாயிற்காவலர் பட்டியலைப் பார்த்துவிட்டு, உன் பெயர் அடித்திருக்கிறது என்று பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்லித் திருப்பி அனுப்பினார்.

7. ஐந்து பேரின் பெயரும் குடிமைப் பதிவேட்டில் இல்லை, ஆகவே பொய்த்தகவல் என்கிறது தங்கள் கடிதம். நான் அலுவலகத்துக்கு வந்தேன். எழுத்தர் மரியாதையாகத்தான் பேசினார், ஹாஜியம்மா என்று கூப்பிட்டார். நான் இன்னும் ஹஜ் போகவில்லை. எங்கள் பக்கத்து இறந்தவர்களை எல்லாம் கொண்டுபோகும் நஜஃப் கல்லறையில் அவர்களை அடக்கம் செய்த சீட்டைக் கொண்டுவரச் சொன்னார். எருமையை யாராவது நஜஃபுக்கு எடுத்துப் போவார்களா என்று கேட்டேன். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. உடனே, "அப்ப இது எங்க வேலையே இல்ல ஹாஜியம்மா, கால்நடை ஆபீஸுக்குப் போங்க" என்றார்.

8. போனேன். கால்நடை அலுவலகத்தில், இறந்த எருமையின் காதில் குத்திய அடையாள வில்லையைக் காட்டினால் பதிவு செய்வோம், பெண்ணின் மனசு எங்கள் துறையில் வராது என்றார்கள். மறுபடி இங்கே வந்தேன். மறுபடி அங்கே. இடையில் தங்கள் அலுவலகம் எங்கள் வரிசைக்கு ஒரு சுவரொட்டி அனுப்பிவைத்தது. பல் துலக்கும்போது குழாயை மூடுங்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. எங்கள் வரிசையில் குழாய் இல்லை ஐயா. லாரித் தண்ணீர்தான். ருவைதா அந்தச் சுவரொட்டியை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். 

9. சென்ற வியாழக்கிழமை பிற்பகல் அவளைக் காணவில்லை. சூளை, சந்தை, பள்ளிக்கூடம் எல்லாம் தேடிவிட்டு, அவள் தகப்பனார் ஒரு வண்டியைப் பிடித்துப் பழைய இடத்துக்குப் போனார். நானும் போனேன். அத்தனை தூரமும் நடந்தே போயிருக்கிறாள். வெடித்த ஏரித்தரையின் நடுவில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பெயரைக் கூப்பிட்டுவிட்டு, அது நீந்தி வரும் நேரம் வரைக்கும் காத்திருக்கிறாள். பிறகு அடுத்த பெயர். தொண்டை கட்டிப்போயிருந்தது. நான் கையைப் பிடித்தேன். "அதுங்க வராதுன்னு தெரியும்மா. நான்தான் அங்க போகணும்" என்றாள். அன்றிலிருந்து நானும் அவள் தகப்பனாரும் மாற்றி மாற்றி விழித்திருக்கிறோம். அவர் சூளை வேலைக்கும் போகவில்லை.

10. ஐயா, நான் எருமைக்கு நஷ்டஈடு கேட்கவில்லை. ஏரியைத் திருப்பிக் கேட்கவில்லை. அது தங்கள் கையில் இல்லை என்பது எனக்கும் தெரியும். வாரம் ஒரு மணி நேரம் ஒரு டாக்டரும் ஒரு நாற்காலியும் கேட்கிறேன். இரண்டும் அங்கே இருக்கின்றன. அவள் பெயர் மட்டும்தான் அடிபட்டிருக்கிறது. அந்த ஐந்து பெயர்களும் தங்களுக்கு இடைஞ்சல் என்றால் அடித்துவிடுங்கள், ஏழாவது கேள்விக்கு நேரே 'இல்லை' என்று எழுதிக்கொள்ளுங்கள், அதற்கும் ரேகை வைக்கிறேன். செவ்வாய்க்கிழமை என்பது நாளை மறுநாள். அதற்குள் உத்தரவு போடுங்கள். அடுத்த முறை அந்த ஏழாவது கேள்விக் கட்டத்தில் நான் சொல்லும் பெயர், தங்கள் பதிவேட்டில் தேடினால் கிடைக்கிற பெயராக இருக்கும்.

இடம்: தங்கள் அலுவலக வாசல்
நாள்: 17.9.2023, ஞாயிறு

பதில் வரும்வரை இங்கேயே உட்கார்ந்திருக்கும்,
நஷ்மியா சைஹூத்
(இடது பெருவிரல் ரேகை)

எழுதியவர்: அபூ மைஸம். மனுதாரர் சொன்னபடியே எழுதப்பட்டது, எழுத்துக்கூலி பெறவில்லை.