வேளாங்கண்ணிக்கு நான் போகவில்லை

ஆக. 24, ஞாயிறு
புழுக்கம். இரவு தூறல், பயனில்லை. ஆராதனைக்குப் போகவில்லை. பிரசங்கம் யார் என்று தெரிந்தபின் எழுந்திருக்கவே தோன்றவில்லை.

கட்டுரை பாதி தாண்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புராட்டஸ்டண்ட் பயணிகள் கத்தோலிக்க யாத்திரைகளைப் பார்த்து எழுதியவை. முழங்காலில் படியேறும் கிழவிகள், மெழுகில் செய்த கை கால்கள், தூசி, பிச்சைக்காரர்கள், உண்டியல். இதற்கும் இந்துத் திருவிழாவுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்காதவர் குறைவு. மொழிபெயர்க்க சுகமாக இருக்கிறது. துறையில் படித்துப் புரிந்துகொள்ள ஆளில்லை. தலைவர் நாற்காலியில் இருப்பவன் என்னிடம் படித்தவன்.

ஸ்டெல்லா காவிப் புடவை வாங்கியிருக்கிறாள். பிறந்த ஊர் அரக்கோணத்துக் கோயில் ஆட்களோடு வேளாங்கண்ணிக்கு நடை. என்னைக் கட்டிக்கொள்ளக் கத்தோலிக்கத்தை விட்டு எங்கள் சபைக்கு வந்தவள். ஜெபமாலை மட்டும் அலமாரியை விட்டுப் போகவே இல்லை.

"ஏங்க, நீங்களும் வரணும்."

"எதுக்கு?"

"நடக்க வேணாம். பஸ்ல வந்து சேர்ந்துக்குங்க. நீங்க வராம ஆவாது."

இன்று எழுதிய பத்தியை வாசித்துக் காட்டினேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"தொண்டை நல்லா ஆயிடுச்சு உங்களுக்கு. எம்மாம் நேரம் படிக்கிறீங்க."

ஏப்ரலில் கட்டி எடுத்தது. புற்று இல்லை. டாக்டரின் திறமை.

ஆக. 26
போய்விட்டாள். சாம்பார்பொடி, பி.பி. மாத்திரை, காஸ் புத்தகம் எங்கெங்கே என்று சொல்லிவிட்டு. ஸ்டேஷன் வரை கூடப் போயிருக்கலாம். அவளுக்குக் கால் ஆணி, சர்க்கரை. செருப்பும் கிடையாதாம். முட்டாள்தனம்.

தெரு முழுக்க எங்கள் ஊர் மலைக்கோயிலிலிருந்து இறங்கிய மொட்டைகள், சந்தனம் அப்பிய தலைகள். ஆந்திரா வேன்களின் ஹாரன். இங்கே இருந்துகொண்டு நான் எதை எழுதுவது!

செப். 3
மழை. அவளிடமிருந்து போன்.

"கால்ல கொப்புளம். ஒண்ணும் இல்ல. இப்பவும் சொல்றேன், எட்டாந்தேதி திருவிழாவுக்குள்ள வந்துடுங்க."

கட்டுரை இருக்கிறது என்றேன். பின்னால் மாதா பாட்டு.

"சரி, நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

அதன்பின் ஒரு வரி ஓடவில்லை. இரவுக்கு வெறும் ரசம்.

செப். 10
வெயில். வந்துவிட்டாள். வாசலில் யாரோ என்று நினைத்தேன். மொட்டை. இடுப்பு வரை இருந்த முடி.

நான் வாய் திறப்பதற்குள் எதிர்வீட்டு காஞ்சனா ஓடி வந்தாள்.

"இன்னாக்கா, நம்ம மலையிலயா, திருப்பதியிலயா?"

"வேளாங்கண்ணிலம்மா."

"எங்க எறக்கினா இன்னா, வெயில்ல எரியும்ல? இரு."

சந்தனம் குழைத்து வந்து வாசலிலேயே தடவிவிட்டாள். இருவரும் சிரிப்பு வேறு. என் பயணிகள் பார்த்திருந்தால் தனி அத்தியாயம்.

உள்ளே வந்ததும் கத்தினேன். மூடத்தனம், சபையில் என் பேர், படித்தவன் வீட்டில் இப்படியா. எல்லாம் கேட்டாள். தண்ணீர் குடித்தாள்.

"ஆஸ்பத்திரில உங்கள உள்ள கூட்டிகினு போனப்ப வேண்டிகினேன். உங்க முடிய எறக்கறேன்னு. நீங்கதான் வரலியே."

"அதுக்கு?"

"வேண்டுதல் நிக்குதே. என்னுத குடுத்துட்டேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அதையும் எழுதிடுவீங்க."

செப். 11
மேகமூட்டம். கட்டுரை அனுப்பவில்லை. சீப்பில் அவளுடைய நீண்ட முடி ஒன்று, எண்ணெயோடு, சுற்றிக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை. தலை வாராமல் கல்லூரிக்குப் போனேன்.