இரண்டு கோக்கோ டின்களும் அம்மாவின் மனோரஞ்சிதமும்

என் செல்லத் தம்பி சோமுவுக்கு,

உனக்கு நான் தமிழில் கடிதம் எழுதுகிறேன் என்று தெரிந்தால் முதலில் ஒரு பாட்டம் சிரிப்பாய். வாழ்ந்த நாள் முழுக்க நாம் இந்தத் தீவின் கிரியோலில்தான் சண்டை போட்டோம், கிரியோலில்தான் சமாதானமானோம். நடுநடுவே அக்கா, தம்பி, சாமி, சோறு என்று நாலு தமிழ் வார்த்தை விழும், அவ்வளவுதான். ஆனால் சனிக்கிழமைதோறும் கோயிலில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற கை இது. பொய்யை ஒத்துக்கொள்ள இந்த எழுத்தில்தான் வருகிறது.

உன் தமிழ் எப்படிப்பட்டது என்று ஊருக்கே தெரியும். அம்மா என்று எழுதச் சொன்னால் 'அம்ம' என்பாய், அப்பா என்றால் 'அப்ப'. கால் போட மட்டும் உன் கைக்குக் கடைசிவரை வரவில்லை. "உன் தமிழுக்குக் காலே இல்லைடா, நொண்டித் தமிழ்" என்று நான் திட்டாத நாள் உண்டா? "கால் இல்லாட்டியும் வீடு வந்து சேருது இல்ல, அக்கா" என்பாய்.

கோயில் மலருக்கு உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். நீ நல்லவன், உழைப்பாளி என்று நாலு வரி எழுதிக் கொடுத்திருக்கலாம். அதை எல்லோரும் எழுதுவார்கள். எட்டு வருஷமாக நெஞ்சில் கிடப்பதை நான் எழுதுகிறேன், ஊரும் படிக்கட்டும்.

அந்தப் பெரிய புயல் நினைவிருக்கிறதா என்று உன்னிடம் கேட்பதே பைத்தியக்காரத்தனம். என் வீட்டுக் கூரைத் தகரம் பறந்துபோய்க் கரும்புக் காட்டில் விழுந்தது. மறுநாள் வெளியே வந்து பார்த்தால், அம்மா வைத்த மனோரஞ்சிதம் வேரோடு சாய்ந்து கிடந்தது. தோட்டத்து ஆட்கள் எல்லோரும் கரும்பு வெட்டமாட்டோம் என்று நின்ற வருஷம் அப்பா வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாரே, அப்போது அம்மா அவரை அதட்டிக் குழி தோண்ட வைத்து நட்ட கொடி அது. அம்மா போன பிறகு, அவள் என்று சொல்லி நாம் கை காட்ட மிச்சமிருந்தது அது ஒன்றுதான். தகரம் போனதற்கு நான் அழவில்லை, சோமு. அதற்குத்தான் அழுதேன்.

நீ அழவில்லை. சேற்றில் மண்டி போட்டு ஒவ்வொரு கிளையாகப் பட்டையைச் சுரண்டிப் பார்த்தாய். எல்லாம் பழுப்பு. ஒரே ஒரு கிளையில் மட்டும் நகம் பட்ட இடம் பச்சையாக இருந்தது. "பா பேர், அக்கா" என்றாய். பயப்படாதே என்று சொல்ல உனக்கு அந்த இரண்டு வார்த்தைதான் தெரியும். காய்ச்சலுக்கும் அதுதான், கடனுக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான்.

பாம்ப்ளமூஸ் பூந்தோட்டத்து நாற்றங்காலில் உனக்கு வேலை. அங்கே துரை ஒருவர், கப்பலில் வந்த புதுப் பொடி ஒன்றைக் கொஞ்சம் உனக்குக் கொடுத்திருந்தார். வெட்டின குச்சியின் அடியில் தொட்டு நட்டால் சீக்கிரம் வேர் இறங்கும், வேர் நிறையவும் இறங்கும் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. மண்ணும் தண்ணீரும் செய்யாததைப் பொடி செய்யுமா? "மனோரஞ்சிதம் பிடிவாதக்காரி, அக்கா. சும்மா நட்டா வராது. பொடி வேணும்" என்றாய்.

அந்தப் பச்சைக் கிளையில் பத்துக் குச்சி தேறியது. ஒவ்வொன்றும் ஒரு சாண், கணுவுக்குக் கீழே சாய்த்து வெட்டியது. கீழிலைகளை உருவிவிட்டு மேலே இரண்டை மட்டும் பாதியாக நறுக்கி விட்டாய். ஆற்று மணலை நாலு தடவை அலசிப் பெட்டியில் கொட்டினாய். அதற்குள் தோட்டத்திலிருந்து ஆள் வந்துவிட்டது. விழுந்த மரங்களை வெட்டி வழி விட வேண்டும், உடனே வா என்று.

போகிற அவசரத்தில் வாசலில் நின்று சொன்னாய். "லாபூத் பிளான் பலகை மேல இருக்கு அக்கா, கோக்கோ டின்ல. அடியைத் தண்ணில நனை, பொடியில தொடு, தட்டி உதறு. முதல்ல குச்சியால மணல்ல ஓட்டை போடு, அப்பதான் பொடி உரசிப் போகாது. நிறைய வெக்காதே, தோல் கருகிடும். விபூதி பூசற மாதிரி மூணு பட்டை அடிக்காதே!"

லாபூத் பிளான், வெள்ளைப் பொடி. பலகை மேலே கோக்கோ டின் இரண்டு இருந்தது தம்பி. பொடி வந்த அட்டை டப்பா புயலில் நனைந்துவிட்டது என்று நீ அதைக் கோக்கோ டின்னில் மாற்றி வைத்தாய். விபூதிச் சம்படம் கூரையோடு போய்விட்டது என்று நானும் கோயில் விபூதியைக் கோக்கோ டின்னில் கொட்டி வைத்திருந்தேன். இரண்டும் ஒரே கடையில் வாங்கின டின், இரண்டும் சாமி படத்துக்குக் கீழே. மோந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எனக்கோ மூன்று நாள் மழையில் நனைந்து மூக்கு அடைத்திருந்தது.

நீ சொன்னபடி நனைத்தேன், தொட்டேன், உதறினேன், ஓட்டை போட்டு ஊன்றினேன். ஒவ்வொன்றுக்கும் அம்மா பெயரைச் சொன்னேன். மேலே கண்ணாடி ஜாடிகளைக் கவிழ்த்து வைத்தேன். எவ்வளவு ஒழுங்காகச் செய்தேன் தெரியுமா?

வெள்ளிக்கிழமை நீ வந்தாய். வழக்கம்போல நெற்றியைக் காட்டினாய், பூசிவிட்டேன். நீ விரலால் நெற்றியைத் தொட்டு, தொட்டதை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாய். அம்மா நினைப்பு வந்துவிட்டது போல என்று நானும் சிரித்தேன்.

அதற்கு மூன்று நாள் கழித்து உன் மச்சான், என் வீட்டுக்காரர், சாமி கும்பிட்டுவிட்டு வந்து கத்தினார். "சா விபூதி லா கூமா சாவோன்! சோப்பு மாதிரி வழுக்குது, நெத்தியில நிக்கவே இல்ல!" டின்னை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். இன்னொரு டின்னையும் திறந்தேன். சீமையிலிருந்து வந்த பொடியை ஒரு வாரமாகக் குடும்பமே நெற்றியில் இட்டுக்கொண்டிருக்கிறோம், அம்மாவின் குச்சிகள் விபூதி பூசிக்கொண்டு மணலில் நிற்கின்றன! இருந்தது ஒரே கிளை. வேறு குச்சி கிடையாது.

பிடுங்கி மறுபடி தொட்டு வைக்கலாமா என்று நினைத்தேன். ஊன்றினதை அசைக்கவே கூடாது என்று நீ சொல்லியிருந்தாய். உன்னிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். ஊரையெல்லாம் திருத்துகிற அக்கா, வெள்ளைப் பொடிக்கும் விபூதிக்கும் வித்தியாசம் தெரியாமல் அம்மாவைக் கொன்றுவிட்டேன் என்று எப்படிச் சொல்வேன்? விபூதியை அதன் இடத்தில் வைத்துவிட்டு, பொடி டின்னை உன்னிடம் திருப்பிக் கொடுத்தேன். திறந்து பார்த்து, "மிச்சம் இவ்வளவுதானா?" என்றாய்.

"கொஞ்சம் அதிகமா அப்பிட்டேன் போல" என்றேன்.

"பா பேர், அக்கா" என்றாய். அதோடு சரி.

ஆறு குச்சி அழுகிவிட்டது. இரண்டு மாதம் கழித்து மிச்சம் நாலில் ஒன்றை நீ மெதுவாக மணலோடு அள்ளினாய். அடியில் வெள்ளை வெள்ளையாக வேர்! நான் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று ஊர் நினைத்தது. சந்தோஷம்தான், ஆனால் பாதி பயம்.

அன்றிலிருந்து உனக்கு 'சோமு லாபூத்' என்று பெயர் வந்துவிட்டது. ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் பொடி கேட்டு ஆட்கள் வந்தார்கள். நீயும் தொட்டுத் தொட்டு நட்டுக் கொடுத்தாய், எல்லாம் வேர்விட்டது. யாராவது பொடியைப் புகழ்ந்தால், "லாபூத் நல்லதுதான், ஆனா கையும் வேணும்" என்று சொல்லி என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாய். எனக்குச் சுருக்கென்று இருக்கும். கேலி செய்கிறான், ஆனால் எதைக் கேலி செய்கிறான் என்று தெரியாமல் விழிப்பேன். நாளைக்குச் சொல்லிவிடலாம், தீபாவளிக்குச் சொல்லிவிடலாம், காவடி முடிந்து சொல்லிவிடலாம் என்று எட்டு வருஷம் ஓடிவிட்டது. கடைசியில் ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "சோமு, ஒரு விஷயம்" என்று தொடங்கினேன். நீ "பா பேர்" என்றாய். நான் நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினேன்?

நீ போய் மூன்று மாதத்தில் சுதந்திரம் வந்து நாட்டுக் கொடி மாறியது. உன் மச்சான் போர்ட் லூயி போய்க் கூட்டத்தில் மிதிபட்டுப் பார்த்துவிட்டு வந்தார். நாலு நிறமாம், பச்சை அடியில் இருக்கிறதாம். நீ இருந்தால் பச்சை அடியில்தான் இருக்கணும், வேர் பக்கம் என்று ஏதாவது சொல்லியிருப்பாய். மனோரஞ்சிதம் இந்த வருஷம் நிறையப் பூத்தது. புயலுக்குப் பிறகு கட்டின சிமெண்டு வீட்டுச் சுவரையும் தாண்டி ஏறிவிட்டது.

போன வாரம் உன் பெண்டாட்டி காமாட்சி வந்தாள். ஒட்டுக்கத்தியும் கத்தரியும் தோட்டத்துச் சாமான், திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார்களாம். உன் பெட்டியைத் திறந்து எடுத்தபோது அடியில் இது இருந்தது என்று ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினாள். "எனக்குப் படிக்கத் தெரியல, அக்கா. கீழே தமிழ் மாதிரி இருக்கு" என்றாள்.

உன் கையெழுத்து. பென்சிலில் மூன்று வரி. மேல் இரண்டும் கிரியோல், எண்ணிக்கையை மட்டும் தமிழில் தருகிறேன்:

லாபூத், மோ லாமே: பத்துக்கு ஏழு.
விபூதி, மோ லாமே: பத்துக்கு ஒன்றும் இல்லை.

மோ லாமே, என் கை. இரண்டாவது வரியை நான் மூன்று தடவை படித்தேன். நம் கொடி பெரிதானதும் அதிலிருந்தே குச்சி வெட்டி, பாதியைப் பொடியிலும் பாதியை விபூதியிலும் தொட்டு நீ தனியாக நட்டுப் பார்த்திருக்கிறாய். மூன்றாவது வரி மட்டும் தமிழ்:

விபூதி, அக்க கை: பத்துக்கு நாலு.

தெரிந்திருக்கிறது உனக்கு! அந்த வெள்ளிக்கிழமை நெற்றியைத் தேய்த்துப் பார்த்தபோதே, எனக்குத் தெரியும் முன்னாலேயே தெரிந்திருக்கிறது. என்னைக் காட்டிக்கொடுக்காமல், என்னிடமும் கேட்காமல், எட்டு வருஷம் வைத்திருந்துவிட்டுப் போய்விட்டாய். நான் மறைக்கிறேன் என்று நினைத்தேன், நீதான் என்னை மறைத்து வைத்திருந்தாய். படவா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நானாவது சொல்லியிருக்கக் கூடாதா?

காமாட்சி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். படித்துச் சொன்னேன். அவள் என் வலது கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வெட்கமாக இருந்தது, சோமு. எது வேர்விட வைத்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பொடிதான் நல்லது, ஏழு என்று நீயே எழுதியிருக்கிறாய். எனக்கு அந்த நாலு போதும்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வரும் மழைக்குப் பத்துக் குச்சி வெட்டுவேன். ஒன்பதை உன் பொடியில் தொட்டு, உதறி, ஓட்டை போட்டு, நீ சொன்னபடியே ஊன்றுவேன். பத்தாவதை மட்டும் தெரிந்தே விபூதியில் தொட்டு வைப்பேன். அது பிழைத்தால் காமாட்சி வாசலுக்கு. பிழைக்காவிட்டாலும், இந்த முறை எந்த டின்னில் தொட்டேன் என்று எல்லோரிடமும் உண்மையைச் சொல்வேன்.

அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் என் கை தானாகவே சிவப்புப் பென்சிலைத் தேடியது. முப்பது வருஷப் பழக்கம். எடுத்துவிட்டு, அப்படியே கீழே வைத்துவிட்டேன். உன் எழுத்தை இனி நான் திருத்தமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அக்க